கோத்தகிரியில் எண்ணெய் வண்ண உருவப்படம் பழகுகிறேன்: முகம் வெளிறிப் போகிறது, வண்ணமும் காயவில்லை

ஹட்டிப்பெண் (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். பென்சிலிலும் வாட்டர்கலரிலும் கை ஓரளவு பழகிவிட்டது. இப்போது ஆயில் பெயின்ட்டில் ஆளை நேரில் பார்ப்பது மாதிரியான உருவப்படம் வரையக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை, வீடியோ பார்த்துத்தான் பழக்கம்.

என் பாட்டியை வரைய வேண்டும். படுக வழக்கப்படி தலையில் பட்டு என்று நாங்கள் சொல்லும் வெள்ளைத் துணி கட்டியிருப்பார், நெற்றியில் சிறு வயதில் குத்திய பச்சை இருக்கிறது. ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உறவுகள் எல்லாம் ஊருக்கு வரும்போது படம் கூடத்தில் மாட்டியிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

போட்டோவை வைத்துப் பழகிப் பார்த்தால் சாடை வந்துவிடுகிறது. ஆனால் முகம் மட்டும் வெளிறிச் சாம்பல் தட்டிவிடுகிறது. வீடியோக்களில் காட்டும் தோல் நிறமெல்லாம் ரோஸ் நிறம், எங்கள் வீட்டு முகங்களுக்கு எதைக் கலப்பது என்று தெரியவில்லை. அப்புறம், வண்ணம் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கிறது. ஐப்பசி மழை வேறு வரப்போகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


குன்னூர் வண்ணம்

தங்கச்சி, முதலில் போட்டோவை ஓரமாக வையுங்கள். பாட்டி அதே வீட்டில் இருக்கும்போது போட்டோ எதற்கு? ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நேரில் பார்த்து வரையுங்கள். இருபது நிமிடம் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் எழுந்து நடக்கட்டும். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால் திரும்ப அதே இடத்தில் உட்கார வசதி.

வண்ணம் காயவில்லை என்று கவலையே வேண்டாம். ஈரத்தின் மேல் ஈரமாக வைத்து ஒரே மூச்சில் முடிக்கிற முறை இருக்கிறது, அல்லா பிரிமா என்பார்கள். அந்த முறைக்கு நம்ம ஊர்க் குளிர் வரப்பிரசாதம்.

நிறத்துக்கு ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860-1920) வழியைப் பிடியுங்கள். அவர் பெயரால் அறியப்படும் தட்டில் நான்கே வண்ணம்தான்: வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன், ஐவரி பிளாக். வெர்மிலியனுக்குப் பதில் இப்போது காட்மியம் ரெட் லைட் வைத்துக்கொள்கிறார்கள். கறுப்போடு வெள்ளையைச் சேர்த்தால், பக்கத்தில் மஞ்சளும் சிவப்பும் இருப்பதால், அது நீலமாகத் தெரியும். தனி நீலமே தேவைப்படாது. பத்து டியூப் வாங்கித் திண்டாடுவதைவிட நாலு டியூபை முழுசாகத் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.


வட்டக்கானல் தாத்தா

குன்னூர்த் தம்பி நேரில் வரையச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போட்டோ வசதிதானே என்று மனம் மறுபடி அங்கேயே போகும்.

வெள்ளைத் துணிக்குக் கீழே மாநிறமோ கறுப்போ உள்ள முகம் இருந்தால் போன் கேமரா தடுமாறும். முகத்துக்கு அளவு வைத்தால் துணி மடிப்பே இல்லாமல் வெளுத்துவிடும், துணிக்கு அளவு வைத்தால் முகம் இருண்டுவிடும். இப்போதைய போன்கள் இரண்டையும் சரிக்கட்ட நிழலைத் தூக்கி, வெளிச்சத்தைத் தாழ்த்தி ஒரு நடுத்தரப் படத்தைக் கொடுக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எந்த நிழல் வைத்துக் கன்னம் உருண்டையாகத் தெரிய வேண்டுமோ அந்த நிழல் அதில் இருக்காது. கிட்டப்போய் எடுத்தால் மூக்கு பெரிதாகி காது பின்னால் போய்விடும், அது தனிக் கணக்கு.

இப்போது சாம்பல் விஷயம். வெளிச்சம் படுகிற இடத்தைக் காட்ட வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள் என்று நினைக்கிறேன். டைட்டானியம் ஒயிட் வெளிச்சத்தைக் கூட்டும்போதே நிறத்தின் செறிவைக் குறைக்கும், குளிரவும் வைக்கும். ரோஸ் தோலில் அது அவ்வளவாகத் தெரியாது. நம் தோலில் உடனே தெரியும். அதனால் ஒரு படி வெளிச்சம் வேண்டுமென்றால் முதலில் மஞ்சள் காவியைக் கூட்டுங்கள், அப்புறம் ஒரு துளி சிவப்போ ஆரஞ்சோ, கடைசியில்தான் வெள்ளை. அடிப்படைத் தோல் நிறத்துக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, மஞ்சள் காவி இரண்டும் போதும். நிழலுக்கு பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைன் நீலமும். அதில் வெள்ளை ஒரு பொட்டுகூடச் சேரக்கூடாது, மெல்லிசாக, அடித்தளம் தெரியும்படி இருக்க வேண்டும். நிழல் கனத்துவிட்டால் முகம் மூச்சு விடாது.

சோர்ன் தட்டு பழகுவதற்கு நல்லதுதான். ஆனால் நம் நிழல்களுக்கு பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் கொடுக்கிற ஆழத்தை அது கொடுப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். தம்பி கோபித்துக்கொள்ளக்கூடாது.

மலைக்கு மட்டும் உரிய ஒரு சங்கதி உண்டு. மூட்டம் போட்ட நாளில் ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம் குளிர்ந்த வெளிச்சம். அப்போது வெளிச்சப் பகுதி கொஞ்சம் நீலத்துக்கும், நிழல் பகுதி செம்பழுப்புக்கும் சாயும். எண்ணெய் தேய்த்த நெற்றியின் மினுமினுப்பைப் பாருங்கள், அது வெள்ளை அல்ல, வெளிறிய நீலம். வானம்தான் அங்கே தெரிகிறது. அந்த மினுமினுப்பைச் சின்னதாக, ஒரே தொடுதலில் வைத்தால் தோல் கறுப்பாகவும் இருக்கும், ஒளிரவும் செய்யும்.


குன்னூர் வண்ணம்

கோபமெல்லாம் இல்லை ஐயா. நிழல் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் புதிதாகப் பழகுகிறவர் நிறத்தைவிட டோனைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், அதற்காகத்தான் நாலு டியூப் சொன்னேன். எது எதைவிட இருட்டு என்ற கணக்கு சரியாக வந்துவிட்டால் நிறம் கொஞ்சம் தப்பினாலும் முகம் நிற்கும்.


ஹட்டிப்பெண்

நன்றி ஐயா, நன்றி அண்ணா. பாட்டியைக் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டார். தலைப்பட்டு பற்றி ஒரு சந்தேகம். வெள்ளைத் துணிக்கு வெள்ளை வண்ணம் போட்டால் மேலும் வெளிச்சம் காட்ட இடமே இல்லாமல் போகிறதே? இன்னொன்று, எங்கள் பக்கம் மூடுபனி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் மாறினால் எதைப் பின்பற்றுவது?


வட்டக்கானல் தாத்தா

நல்ல கேள்வி அம்மா. ஒரு சோதனை செய்து பாருங்கள். சாம்பல் நிற அட்டையில் பேனா முனை அளவுக்கு இரண்டு ஓட்டை, ஒரு விரல்கடை இடைவெளியில் போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ஓட்டை வழியாக வெளிச்சம் பட்ட கன்னத்தையும் இன்னொன்றின் வழியாக நிழலில் இருக்கிற தலைப்பட்டையும் பாருங்கள். துணி வெள்ளை, முகம் கறுப்பு என்று மனம் அடித்துச் சொல்லும். ஓட்டையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே டோனாக இருக்கும், சில நேரம் துணியே இருட்டாகவும் தெரியும். எனக்கு இந்தச் சோதனை அலுத்ததே இல்லை.

ஆகவே நிழலில் இருக்கிற துணிக்குச் சுத்த வெள்ளையைத் தொடாதீர்கள். கறுப்பு, காவி, நீலம் கலந்த சாம்பல் போதும். முகத்தின் பக்கம் உள்ள மடிப்பில் தோலின் செம்மை கொஞ்சம் ஏறியிருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். ஜன்னல் பக்கத்து மேல் மடிப்பு ஒன்றே ஒன்றுக்குத்தான் சுத்த வெள்ளை. படம் முழுவதற்கும் அதுதான் உச்ச வெளிச்சம்.

மூடுபனிக்கு வழி: முதல் அரைமணியில் நிழலும் வெளிச்சமும் பிரிகிற எல்லையைக் குறித்துவிட்டு, பிறகு அதை மாற்றுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். வெயில் திடீரென்று அடித்தால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டியோடு பேசிக்கொண்டிருங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதுதான் சிறந்தது, நேர்வெயிலின் தொந்தரவு மிகக் குறைவு.


மன்னவனூர் டீச்சர்

குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும். எல்லோரும் போட்டோவை ஒதுக்கச் சொல்கிறீர்கள். நம் ஊரில் உருவப்படம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இறந்துபோன அப்பா, தாத்தாவைத்தான் வரையச் சொல்கிறார்கள். கையில் இருப்பது ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த படமோ, கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நின்ற படமோதான். அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அவர்களுக்கு என்ன பதில்?


குன்னூர் வண்ணம்

டீச்சர் கேட்டது நியாயம். அங்கே போட்டோ இல்லாமல் வழியில்லை. ஆனால் போட்டோவில் இருந்து சாடையை மட்டும் எடுங்கள். நிறத்துக்கும் நிழலுக்கும் அந்தக் குடும்பத்தில் அதே முகவெட்டு உள்ள ஒருவரை ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்து, தலையைப் போட்டோவில் உள்ள கோணத்தில் திருப்பச் சொல்லி, ஒரு சின்ன ஸ்டடி (பழகுவதற்கான முன்படம்) போட்டுக்கொள்ளுங்கள். மகனின் காதிலும் கழுத்திலும் அப்பாவின் நிறம் இருக்கும். நேரில் பார்த்துப் பழகிய கண் இருந்தால்தான் போட்டோவில் எது பொய் என்று தெரியும்.

சாடைக்கு: கண் தலையின் நடுவில், இரண்டு கண்ணுக்கும் இடையே ஒரு கண் அகலம் என்ற சூத்திரமெல்லாம் தொடங்க மட்டும்தான். எந்த இடத்தில் அந்த ஆள் சூத்திரத்தை மீறுகிறாரோ அங்கேதான் அவருடைய சாடை இருக்கிறது. தூரிகையை நீட்டிப் பிடித்து அளங்கள், வரைந்ததைக் கண்ணாடியில் திருப்பிப் பாருங்கள். கோணல் உடனே தெரியும்.


பிரேம் கடை (ஊட்டி)

நான் ஓவியன் இல்லை, பிரேம் போடுகிறவன். ஊட்டியில் கெட்டுப்போய் வருகிற படங்களை நிறையப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கான்வாஸ் மழைக்காலத்தில் தொய்யும், வெயில்காலத்தில் இழுத்துக்கொள்ளும். அதற்குத்தான் பின்பக்க மூலைகளில் ஆப்பு வைக்கிறோம், லேசாகத் தட்டினால் இறுகும். ஆனால் வருஷா வருஷம் இந்த ஆட்டம் ஆடினால் மேலே உள்ள வண்ணத்துக்கு ஆகாது. பாட்டி படம் பெரிதாக இல்லையென்றால் நல்ல பிளைவுட் பலகையில் இரண்டு பக்கமும் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசி வரையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

ஓதம் ஏறுகிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். மாட்டியே ஆகவேண்டுமானால் பிரேமின் பின்னால் கார்க் துண்டு ஒட்டி விரல் அளவு இடைவெளி விடுங்கள், காற்று போகட்டும். துணி சுற்றி பீரோவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இரண்டு கெடுதி அதில். பூஞ்சை பிடிக்கும், அப்புறம் ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அந்த மஞ்சளில் பெரும்பகுதி தெளிந்துவிடும், பூஞ்சைக் கறை போகாது.


ஹட்டிப்பெண்

பிரேம் கடை அண்ணா, மிகவும் நன்றி. பலகையிலேயே போடுகிறேன். காய்வது பற்றி இன்னும் தெளிவு வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் வைக்கலாமா? எங்கள் வீட்டில் நீலகிரித் தைலம் நிறைய இருக்கிறது, டர்பெண்டைனுக்குப் பதில் அதையே ஊற்றலாமா?


வட்டக்கானல் தாத்தா

ஹீட்டர் வேண்டாம். எண்ணெய் வண்ணம் தண்ணீர் வற்றுவதைப் போல் வற்றிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக் கெட்டிப்படுகிறது. குளிரில் இந்த வேலை மெதுவாக நடக்கும். ஹீட்டர் வைத்தால் மேல்தோல் சீக்கிரம் இறுகி உள்ளே ஈரம் தங்கும், நாளை சுருக்கம் விழும். காற்றோட்டமும் பகல் வெளிச்சமும்தான் மருந்து.

எல்லா வண்ணமும் ஒரே வேகத்தில் காயாது, இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அம்பர் மண்ணில் மாங்கனீஸ் உண்டு, அது எண்ணெயைச் சீக்கிரம் கெட்டியாக்கும். டைட்டானியம் ஒயிட், ஐவரி பிளாக், காட்மியம் எல்லாம் மந்தம். ஆகவே முகத்தை முதலில் பர்ன்ட் அம்பர் ஒன்றை மட்டும் டர்பெண்டைனில் மெல்லிசாகக் கரைத்து, வெளிச்ச இடங்களைத் துணியால் துடைத்து எடுத்து, ஒரே நிறத்தில் முழுசாக வரைந்துவிடுங்கள். இந்தப் பூச்சு கோத்தகிரிக் குளிரிலும் ஓரிரு நாளில் தொடும் அளவுக்குக் காயும். டோன் கணக்கெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். அதன் மேல் நிறத்தை வைக்கும்போது தம்பி சொன்ன ஈரத்தின் மேல் ஈரம் முறையில் போகலாம். கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் கூடுதல். இந்த வரிசை மாறினால் வெடிப்பு விழும்.

அவசரம் என்றால் ஆல்கிட் மீடியம் கிடைக்கிறது, லிக்வின் மாதிரி. ஒரு சொட்டு கலந்தால் காய்வது துரிதப்படும். கிராம்புத் தைலம் சேர்க்கச் சொல்கிற வீடியோக்களும் உண்டு. அது காய்வதைத் தள்ளிப்போடுவதற்கு. மலையில் இருக்கிற நமக்குத் தேவையே இல்லை.

நீலகிரித் தைலம் வண்ணத்தைக் கரைக்கும் என்பது உண்மை. காய்ந்து இறுகிய தூரிகையை இளக்க உதவும். ஆனால் படத்தில் ஊற்றாதீர்கள். கீழ்ப்பூச்சையும் சேர்த்துக் கரைத்துவிடும், கடையில் வாங்குவதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது.


குன்னூர் வண்ணம்

ஐயா சொன்ன அம்பர் யோசனை நல்ல யோசனை, நானே இந்த மழைக்கு அப்படித்தான் தொடங்கப்போகிறேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை, யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது வெளிவிடுகிற சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். குளிருக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு டர்பெண்டைன் உபயோகிப்பது, அதே அறையில் கரிக் கணப்பு மூட்டுவது, இரண்டும் உயிருக்கு ஆபத்து. கரிப்புகையில் வாசனையே இல்லாத விஷவாயு இருக்கிறது. வரையும்போது கம்பளியைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். தூரிகையை டர்பெண்டைனில் கழுவ வேண்டிய அவசியமும் இல்லை. சூரியகாந்தி எண்ணெயில் அலசிவிட்டு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும். தேங்காய் எண்ணெய் நம்ம ஊரில் உறைந்துபோய்விடும்.


மன்னவனூர் டீச்சர்

சொல்லித்தர ஆள் இல்லை என்று தங்கை எழுதியிருந்தார். ரவிவர்மாவுக்கும் (1848-1906) எண்ணெய் வண்ணம் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1868-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் முறையாகக் கற்றுத்தரவில்லை, வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். பார்த்தும் தானாகச் செய்து பார்த்தும்தான் அவர் பழகினார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் பரிசும் வாங்கிவிட்டார். சென்னை போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய மூலப்படங்களைக் கிட்ட நின்று பாருங்கள். காலண்டரில் பார்த்த ரவிவர்மா வேறு, தூரிகைத் தடம் தெரிகிற ரவிவர்மா வேறு.


வட்டக்கானல் தாத்தா

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2021-இல் கொரோனாவில் நாம் இழந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்களையும் பாருங்கள். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துப் பெண்களை, வாசலில் இருந்தும் ஜன்னலில் இருந்தும் பக்கவாட்டில் வருகிற வெளிச்சத்தில் வரைந்தார். நம் தோலின் நிழலில் எவ்வளவு நிறம் இருக்கிறது என்று அவரிடம் கற்கலாம். அது சமவெளியின் மஞ்சள் வெளிச்சம், உங்களுடையது மலையின் குளிர் வெளிச்சம். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.


ஹட்டிப்பெண்

பாட்டி உட்கார்ந்தார். அம்பர் பூச்சு முடிந்து காய்ந்தும்விட்டது. அட்டை ஓட்டைச் சோதனையை வீட்டில் எல்லோரும் வரிசையில் நின்று செய்து பார்த்தார்கள்! கன்னமும் நிழல் துணியும் ஒரே டோன் என்று கண்ணால் கண்டபோது எனக்கே நம்பமுடியவில்லை. இப்போது நிறம் வைக்கத் தொடங்க வேண்டும். கண்ணையும் நெற்றிப் பச்சையையும் எப்படி அணுகுவது?


வட்டக்கானல் தாத்தா

சந்தோஷம் அம்மா. சிலைக்குக் கடைசியில் கண் திறப்பது போல் உருவப்படத்தில் கண்ணைக் கடைசிக்கு ஒதுக்காதீர்கள். முகத்தோடு சேர்ந்தே வளரட்டும். வெண்விழிக்கு வெள்ளை வேண்டாம். மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது, பெரும்பாலும் அது நெற்றி வெளிச்சத்தைவிட இருட்டு. வயதானவர்களின் கருவிழி ஓரத்தில் வெளிறிய நீலச்சாம்பல் வளையம் ஒன்று இருக்கும், பாட்டிக்கு இருக்கிறதா என்று கிட்டப்போய்ப் பாருங்கள். இருந்தால் அதை மென்மையாகக் கரைத்துவிட்டு வரையுங்கள். கீழ் இமைக்குக் கனம் உண்டு, அதன் மேல்விளிம்பில் ஈரக்கோடு மின்னும். பார்வை உயிர் பெறுவது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான்.

பச்சை குத்தியது தோலுக்கு மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. காய்ந்த நெற்றியின் மேல் மெல்லிய தூரிகையால் கோடு இழுத்தால் பேனாவில் எழுதியதாகத் தெரியும். நெற்றி வண்ணம் ஈரமாக இருக்கும்போதே, அதே தோல் கலவையில் கொஞ்சம் அல்ட்ராமரைனும் கறுப்பும் துளி காவியும் சேர்த்து, தோலைவிட ஒரு படி மட்டும் இருட்டாக வையுங்கள். வைத்த கையோடு உலர்ந்த மெத்தென்ற தூரிகையால் குறுக்கே ஒருமுறை தடவினால் ஓரம் தோலுக்குள் இறங்கும். இத்தனை வருடத்தில் அந்த மை பரவியிருக்கும், அதனால் எந்த ஓரமும் கூர்மையாக வேண்டாம். சுருக்கம் குறுக்கிடும் இடத்தில் கோடு உடையும், நெற்றி வளைகிற இடத்தில் அதுவும் வளையும், நிழல் பக்கம் போகப்போகக் காணாமல் போகும். கடைசியில் நெற்றியின் நீல மினுமினுப்பை அந்தப் பச்சையின் மேலேயே கொண்டுபோங்கள். வெளிச்சம் தோலின் மேலே, மை தோலின் கீழே என்று பார்க்கிறவர் கண்ணுக்கு அப்போது புரிந்துவிடும்.


ஹட்டிப்பெண்

மனப்பாடமே செய்துவிட்டேன் ஐயா. கடைசியாக ஒன்று. டிசம்பர் நடுவில் முடித்தால் பண்டிகைக்கு முன் வார்னிஷ் அடித்து, கண்ணாடி போட்டு மாட்டிவிடலாமா?


பிரேம் கடை (ஊட்டி)

வார்னிஷ் இப்போது வேண்டாம் தங்கச்சி. சமவெளியிலேயே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுப்பார்கள், நமக்கு ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்னிஷ் இல்லாமலே மாட்டலாம், படத்துக்கு ஒன்றும் ஆகாது. சில இடம் மங்கலாகத் தெரிந்தால், தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு, ரீடச் வார்னிஷ் (தற்காலிகமாகப் பூசுவது) மெல்லிசாக ஒரு கை பூசலாம். கண்ணாடி போட்டு அடைக்காதீர்கள், ஈரம் உள்ளே தங்கும். திறந்த பிரேம் போடுங்கள், பலகையின் முன்விளிம்பு பிரேமில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே வெல்வெட் பட்டை வைக்கச் சொல்லுங்கள். ஜனவரியில் மழை ஓய்ந்து பகலில் நல்ல வெயில் அடிக்கும், அப்போது ஜன்னல்களைத் திறந்துவிட்டால் படம் தன்பாட்டுக்குக் காய்ந்துகொள்ளும். குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.